ஒரே கிருமி, சிலருக்கு மட்டும் புண்: வயிற்றுப் பாக்டீரியாவின் மரபணு வேறுபாடுகள் சொல்வது என்ன?

பெங்களூரு: இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வயிற்றில் குடியிருப்பதாக மதிப்பிடப்படும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அவர்களில் ஒரு சிலருக்கு மட்டும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்குவது ஏன் என்ற கேள்விக்கு, அக்கிருமியின் மரபணுக்களில் விடை தேடப்பட்டு வருகிறது. இத்தேடலின் முக்கியமான ஒரு பகுதி பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் நடைபெற்றுள்ளது.

இத்தொற்று உள்ளவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் எப்போதாவது புண் ஏற்படுகிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆளாவோர் 1 முதல் 2 விழுக்காட்டினர். ஏனையோர் கிருமி உள்ளே இருப்பதை அறியாமலேயே வாழ்ந்து விடுகின்றனர். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்ததை உண்ணும் அண்ணனுக்கு அல்சர் வருகிறது. தம்பிக்கு ஒன்றும் இல்லை. உணவு, புகைப்பழக்கம், வலி மாத்திரை, உடலின் எதிர்ப்பாற்றல் என இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆயினும், இருவர் வயிற்றிலும் இருப்பது உண்மையில் ஒரே கிருமிதானா என்ற கேள்வியும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பதே கடந்த முப்பது ஆண்டுக்கால ஆய்வுகள் காட்டும் செய்தி.

ஈஸ்டர் விடுமுறையில் கிடைத்த விடை

வேளைக்கு உண்ணாமை, காரம், கவலை ஆகியவையே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது. மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறத்தாழ அவ்வாறே கருதியது. இரைப்பையின் கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழ இயலாது என்பது அப்போதைய பாடம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த நோயியல் வல்லுநர் ராபின் வாரன், நோயாளிகளின் இரைப்பைத் திசுக்களில் வளைந்த வடிவக் கிருமிகளைத் தொடர்ந்து கண்டு வந்தார். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் இணைந்தார். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க மேற்கொண்ட முயற்சிகள் பலமுறை தோல்வியுற்றன. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கமான இரண்டு நாள்களைக் கடந்தும் அப்படியே விடப்பட்டபோதுதான் கிருமி வளர்ந்திருப்பது தெரிந்தது. அது மெதுவாக வளரும் இனம் என்பதை அதுவரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த திரவத்தைத் தாமே அருந்தினார். சில நாள்களில் அவருக்குக் குமட்டலும் இரைப்பை அழற்சியும் ஏற்பட்டன. 2005ஆம் ஆண்டு இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். எனினும் அதில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது: மார்ஷலுக்கு வந்தது அழற்சி மட்டுமே, புண் வரவில்லை.

அமிலமும் சளிப்படலமும்

இக்கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உருவாக்குகிறது. தன்னைச் சுற்றிலும் அமிலத்தின் கடுமையை இவ்வாறு தணித்துக்கொண்டு, இரைப்பைச் சுவரின் மேலுள்ள சளிப்படலத்துக்குள் நுழைந்து தங்குகிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, அதுவும் குடும்பத்துக்குள்ளிருந்தே தொற்றுகிறது. மருந்து உண்டு நீக்காவிட்டால் பல பத்தாண்டுகள் அங்கேயே நிலைபெறுகிறது.

இரைப்பையின் எந்தப் பகுதியில் அழற்சி மிகுகிறது என்பதைப் பொறுத்து நோயின் போக்கு மாறுகிறது. இரைப்பையின் கீழ்முனையில் அழற்சி நிலைபெற்றால், அமிலச் சுரப்பைத் தூண்டும் கேஸ்ட்ரின் என்ற இயக்குநீர் அளவு மீறிச் சுரக்கிறது. மிகையான அமிலம் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில் கொட்டுகிறது. அமிலத்தைத் தாங்கும் முயற்சியில் அந்தக் குடற்பகுதியின் உட்சுவர், இரைப்பையின் உட்சுவரைப் போல் மாறுகிறது. அவ்வாறு மாறிய இடத்தில் கிருமி குடியேறுகிறது. பின்னர் அங்கே புண் உண்டாகிறது. இதுவே முன்சிறுகுடற் புண். மாறாக, அழற்சி இரைப்பையின் மேற்பகுதி முழுவதும் பரவினால் அமிலம் சுரக்கும் செல்கள் மெல்ல அழிந்து அமிலம் குறைகிறது. இரைப்பைப் புண்ணும், அரிதாகப் புற்றுநோயும் இவ்வழியில் வருகின்றன.

மைசூரில் எழுந்த புதிர்

கிருமி கண்டறியப்படுவதற்கு முன்பே, இந்தியாவில் புண் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இல்லை என்பது கவனிக்கப்பட்டிருந்தது. 1950, 60களில் மைசூரில் பணியாற்றிய பிரிட்டன் அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, முன்சிறுகுடற் புண்ணுடன் வருவோர் அங்கு மிக அதிகம் என்பதைப் பதிவு செய்தார். ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ராவும் 1964இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய வட்டார வேறுபாட்டை விவரித்தார். அரிசி உண்ணும் தெற்கில் புண் மிகுதி; கோதுமை உண்ணும் பஞ்சாப் பகுதியில் குறைவு என்பதே அக்காலத்தின் பொதுச் சித்திரம்.

பின்னாளில் கிருமிக்கான பரிசோதனைகள் வந்தபோது புதிர் மேலும் இறுகியது. வடக்கிலும் தெற்கிலும் தொற்று பரவலாகவே காணப்பட்டது. ஆகவே, கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க இயலவில்லை. டோவி தம் இறுதிக்காலம் வரை உணவில் உள்ள கொழுப்புப் பொருள்கள் அளிக்கும் பாதுகாப்பையே முதன்மையாகக் கருதினார். நுண்ணுயிரியலாளர்கள் பார்வையைக் கிருமியின் பக்கம் திருப்பினர்.

இரண்டு திரிபுகள், இரண்டு நூல்கள்

1997ஆம் ஆண்டு இக்கிருமியின் முழு மரபணுத் தொகுப்பு முதன்முறையாக வெளியிடப்பட்டது. பிரிட்டனைச் சேர்ந்த, இரைப்பை அழற்சி கொண்ட ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட திரிபு அது. அதில் சுமார் 16.7 லட்சம் எழுத்துகளும் ஏறத்தாழ 1,590 மரபணுக்களும் இருந்தன. இரண்டே ஆண்டுகளில், அமெரிக்காவில் முன்சிறுகுடற் புண் உள்ள ஒருவரிடமிருந்து பெற்ற மற்றொரு திரிபின் தொகுப்பும் வெளியானது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் 6 முதல் 7 விழுக்காடு மரபணுக்கள் மற்றதில் அறவே இல்லை. ஒரே பெயருடைய ஒரே இனம். ஆயினும் உள்ளே இருக்கும் நூல் வேறு.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ஓர் இனத்துக்குள் மரபணு அளவில் வேறுபடும் வகையைச் சில மொழிபெயர்ப்புச் செயலிகள் 'விகாரம்' என்று தருகின்றன. அச்சொல்லுக்குத் தமிழில் உருக்குலைவு என்ற பொருள் முந்திக்கொண்டு வருவதால், கொரோனா காலத்தில் வாசகர்களுக்குப் பழகிய 'திரிபு' என்ற சொல்லே இக்கட்டுரையில் கையாளப்படுகிறது.

இத்தனை வேறுபாடுகளுக்குக் காரணம் உண்டு. மரபணுவைப் படியெடுக்கையில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்குப் பல பாக்டீரியாக்களில் உள்ள ஓர் ஏற்பாடு இக்கிருமியில் இல்லை. மேலும், வெளியே கிடக்கும் டிஎன்ஏ துண்டுகளை எளிதில் உள்வாங்கித் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. ஒரே வயிற்றில் இரண்டு திரிபுகள் சேர்ந்து வாழ்ந்தால், அவை தங்களுக்குள் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

குடும்பத்துக்குள் கைமாறி வருவதால், இந்த வேறுபாடுகள் மனிதர்களின் இடப்பெயர்ச்சியையும் பதிந்து வைத்துள்ளன. லடாக்கில் அருகருகே வாழும் பௌத்தர்களையும் முஸ்லிம்களையும் அவர்கள் வயிற்றுக் கிருமியின் மரபணுவைக் கொண்டு வேறுபடுத்தி அறிய முடிந்ததாக 2004இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மலேசியாவில் 2009இல் வெளியான ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்குள்ள இந்திய வம்சாவளியினரிடம் இந்தியாவில் காணப்படும் வகையும், சீனர்களிடம் கிழக்காசிய வகையும் இருந்தன. மலாய் மக்களிடம் இருந்த கிருமியோ பெரும்பாலும் இந்தியர்களுடையதை ஒத்திருந்தது. அது அண்மைக் காலத்தில் இந்தியர்களிடமிருந்து அவர்களுக்குச் சென்றிருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். கப்பலேறிய முன்னோர் தம்முடன் எடுத்துச் சென்றவற்றில் இதுவும் ஒன்று.

கொல்கத்தாவில் தடுமாறிய கணக்கு

நோயுடன் தொடர்புடையவையாக மேலை நாடுகளில் இரண்டு மரபணுக்கள் பெரிதும் பேசப்பட்டன. முதலாவது காக்-ஏ. இது தனித்து வருவதன்று. ஏறத்தாழ 40,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுக் கூட்டத்தின் பகுதியாக வருகிறது. அந்தக் கூட்டம் ஊசி போன்ற ஓர் அமைப்பை உருவாக்க, அதன் வழியே காக்-ஏ புரதம் மனிதச் செல்லுக்குள் செலுத்தப்படுகிறது. செலுத்தப்பட்ட புரதம் செல்லின் வடிவத்தையும் வளர்ச்சியையும் குலைக்கிறது. இரண்டாவது வாக்-ஏ. இது எல்லாத் திரிபுகளிலும் உண்டு. ஆனால் அதன் சில வடிவங்கள் செல்களில் குமிழ்களை உண்டாக்கும் வலுவான நச்சைத் தருகின்றன, சில வடிவங்கள் ஏறக்குறைய தீங்கற்றவை. காக்-ஏ உள்ள, வலுவான வாக்-ஏ கொண்ட திரிபு வயிற்றில் இருந்தால் புண்ணும் புற்றுநோயும் வரும் அபாயம் கூடுதல் என்பது மேலை நாட்டு ஆய்வுகளின் முடிவு.

இம்முடிவை இந்தியாவுக்கு அப்படியே பொருத்த முடியுமா? கொல்கத்தாவில் உள்ள தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனத்தின் ஆஷிஷ் குமார் முகோபாத்யாயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை நேரடியாக எதிர்கொண்டது. மொத்தம் 78 திரிபுகள் ஆராயப்பட்டன. அவற்றில் 55 புண் உள்ளவர்களிடமிருந்தும் 23 அத்தகைய கடும் பாதிப்பு இல்லாதவர்களிடமிருந்தும் பெறப்பட்டவை. இரு தரப்பிலும் 80 முதல் 90 விழுக்காடு திரிபுகளில் காக் கூட்டமும் வலுவான வாக்-ஏ வடிவமும் இருந்தன. எனவே இங்கே அம்மரபணுக்களைக் கொண்டு நோயாளியையும் நோயற்றவரையும் பிரித்தறிய முடியவில்லை.

இந்தியச் சூழலில் இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை என்றே கூறலாம். ஏறத்தாழ எல்லாரிடமும் ஆயுதம் இருக்கும் ஊரில், ஆயுதம் வைத்திருப்பதை மட்டும் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்க இயலாது. வெளிநாட்டு ஆய்வுகளை நம்பி, காக்-ஏ இருக்கிறது என்பதற்காக ஒருவரை அச்சுறுத்துவதும் பொருத்தமற்றது.

முன்சிறுகுடற் புண்ணுடன் தொடர்புடையதென 2005இல் அறிவிக்கப்பட்ட டூப்-ஏ என்ற மரபணுவிலும் இதுபோன்ற குழப்பம் நேர்ந்தது. சில நாடுகளில் தொடர்பு தெரிந்தது. வேறு சிலவற்றில் தெரியவில்லை. மரபணு இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அது உடைபடாமல் முழுமையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது பின்னர் புலப்பட்டது. கொல்கத்தா குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், முழுமையான டூப்-ஏ இந்திய நோயாளிகளிடம் முன்சிறுகுடற் புண்ணுடன் தொடர்பு கொண்டிருந்தது.

பெங்களூருவில் ஆராயப்பட்ட 'புள்ளி'

மரபணு இருப்பது வேறு. அது செயல்படுவது வேறு. இந்த இடைவெளியில்தான் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் தேசிராஜு என். ராவின் ஆய்வகம் பணியாற்றியது.

பாக்டீரியாக்கள் தங்கள் டிஎன்ஏவின் குறிப்பிட்ட எழுத்துகளின்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவைப் பொருத்துகின்றன. தமிழில் 'க' என்ற எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அது 'க்' ஆகிறது. எழுத்தின் உரு மாறுவதில்லை. ஒலிக்கும் முறை மாறிவிடுகிறது. மெத்தில் குழுவின் பணியும் ஏறக்குறைய அந்தப் புள்ளியைப் போன்றது. தன் டிஎன்ஏ எது, அயல் டிஎன்ஏ எது என்று கிருமி அடையாளம் காண்பதற்காகவே இந்தப் புள்ளிகள் ஏற்பட்டன என்று கருதப்பட்டு வந்தது. புள்ளியில்லாத டிஎன்ஏ உள்ளே வந்தால் அதை வெட்டி எறியும் நொதிகளும் உண்டு. பிற பாக்டீரியாக்களுடன் ஒப்பிட இத்தகைய ஏற்பாடுகள் ஹெச் பைலோரியில் மிக அதிகம். 1997இல் வெளியான தொகுப்பிலேயே இருபதுக்கும் மேற்பட்டவை இனங்காணப்பட்டன.

புள்ளி வைக்கும் நொதிகளில் சில, நோயுண்டாக்கும் திறனையும் பாதிக்கின்றன என்பது பெங்களூரு ஆய்வுகளில் வெளிப்பட்டது. கொல்கத்தா நிறுவனத்துடன் இணைந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு திரிபுகளிலிருந்து அத்தகைய நொதி ஒன்றுக்கான மரபணுவை நீக்கி ஒப்பிட்டனர். கிருமியின் நகர்வு, இரைப்பைச் சுவரில் ஒட்டுதல், நோயுண்டாக்குதல் ஆகியவற்றுக்கான மரபணுக்களின் வெளிப்பாடு மாறியது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், வேறொரு நொதியை நீக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் வெளிப்பாடு மாறியது. மனித இரைப்பைச் செல்களில் கிருமி ஒட்டும் திறனும், அழற்சியைத் தூண்டும் திறனும், வெளி டிஎன்ஏவை உள்வாங்கும் திறனும் குறைந்தன.

2012 ஆய்வில் எடுத்துக்கொள்ளப்பட்ட மரபணுவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகள் மீண்டும் மீண்டும் அடுக்கி வருகின்றன. படியெடுக்கும்போது இத்தகைய இடங்களில் வழுக்கல் நேர்ந்து, அடுக்கில் ஒன்று கூடலாம் அல்லது குறையலாம். மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், இந்தச் சிறு வழுக்கலே போதும். 'அவன் மரம் கடல்' என்ற மூன்றெழுத்துச் சொற்களில் முதல் எழுத்தை அடுத்து ஒரு 'க' நுழைந்தால், 'அகவ ன்மர ம்கட ல்' என்றாகிவிடும். பொருள் முற்றிலும் போய்விடும். மரபணுவிலும் அதுவே நிகழ்கிறது: நொதி உருவாகாமல் நின்றுவிடுகிறது. அடுத்த தலைமுறையில் இன்னொரு வழுக்கல் அதை மீண்டும் இயங்கச் செய்யலாம். மின்விசைப் பொத்தான்போல் அணைந்தும் எரிந்தும் மாறும் இந்த இயல்பால், ஒரே மனிதரின் வயிற்றில் ஒரே திரிபின் சந்ததிகளிடையேகூட சில கிருமிகளில் நொதி இயங்கும்; சிலவற்றில் இயங்காது.

இவை ஆய்வகத் தட்டுகளிலும் வளர்ப்புச் செல்களிலும் கண்டறியப்பட்டவை. இவற்றைக் கொண்டு ஒரு நோயாளிக்குப் புண் வருமா என்று முன்கூட்டியே சொல்லும் பரிசோதனை எதுவும் இன்னும் மருத்துவமனைகளில் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆயினும், மரபணுப் பட்டியலை மட்டும் சரிபார்க்கும் அணுகுமுறை இந்தியாவில் ஏன் போதவில்லை என்பதற்கு இவை ஏற்கத்தக்க விளக்கத்தை அளிக்கின்றன.

மாத்திரை தோற்கும் இடம்

நோயாளி உடனடியாக உணரக்கூடிய மரபணு வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது: மருந்து எதிர்ப்பில். கிளாரித்ரோமைசின் என்ற மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். மருந்து பயனற்றுப் போகிறது. மெட்ரோனிடசோல் கிருமிக்குள் சென்றபின், கிருமியின் சொந்த நொதி ஒன்றால்தான் செயல்வடிவம் பெறுகிறது. அந்நொதிக்கான மரபணு பழுதடைந்த திரிபுகள் தப்பித்துக்கொள்கின்றன. சென்னையைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் தலைமையில் நாட்டின் பல நகரங்களில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், 259 திரிபுகளில் மெட்ரோனிடசோலுக்கு 77.9 விழுக்காடும், கிளாரித்ரோமைசினுக்கு 44.7 விழுக்காடும் எதிர்ப்பைக் காட்டின. இருபது ஆண்டுகளுக்கும் முந்தைய கணக்கு இது. வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடையில் சீட்டின்றி மெட்ரோனிடசோல் வாங்கி இரண்டு நாள் விழுங்கும் நம் வழக்கத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று சொல்வது கடினம்.

இதனால்தான் இன்று இரண்டு அல்லது மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள்களுக்குத் தரப்படுகின்றன. பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையும் பரவலாகி வருகிறது. ஐந்தாம் நாள் வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோரின் வயிற்றில், மருந்தைத் தாங்கும் எழுத்து மாற்றம் கொண்ட கிருமிகளே எஞ்சுகின்றன.

யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

புண் இருப்பது உறுதியானவர்களுக்கு இக்கிருமிக்கான பரிசோதனை அவசியம். கிருமியை நீக்கினால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது. மூட்டுவலி போன்றவற்றுக்காக நீண்டநாள் வலி மாத்திரையோ, இதயநோய்க்காக ஆஸ்பிரினோ உட்கொள்ள வேண்டியவர்களும் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்கலாம். கிருமியும் வலி மாத்திரையும் சேரும்போது புண்ணுக்கும் ரத்தக்கசிவுக்குமான அபாயம் கூடுகிறது. நெருங்கிய உறவினருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்தாலும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. கறுப்பாக மலம் கழிதல், ரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால், பரிசோதனைக்கூட அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

யூரியா மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கப்படும் திசுப் பரிசோதனை ஆகியவை கிருமி தற்போது உள்ளதா என்பதைக் காட்டும். ரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்க்கும் பரிசோதனை, பழைய தொற்றையும் இப்போதைய தொற்றையும் பிரித்துக் காட்டாது. சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரங்களுக்குப் பின்னர், கிருமி நீங்கியதை மூச்சு அல்லது மலப் பரிசோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஓமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டால் கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும் என்பதால், பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னதாகவே அவற்றை நிறுத்துவது குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.